சொந்தக்காரர் இல்லை என்று நான் சொன்ன பூனை

எங்கள் தோட்டத்துப் பூனைகளுக்குக் கருத்தடை செய்ய ஆட்களை வரவழைத்தது நான்தான். அதில் நடந்த நல்லதற்கும் கெட்டதற்கும் வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இருபத்திரண்டு வயதில் உதவிக்கு என்று சேர்ந்தேன். இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். என்னிடம் தொட்டிலில் கிடந்தவர்களே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். எல்லோருக்கும் நான் டீச்சர்.

பால் கரைக்கிற இடம், சோறு வடிக்கிற இடம் என்றால் பூனை வராமல் இருக்காது. ஒன்றிரண்டாக வந்தவை சில வருடங்களில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் முழுக்க நிறைந்துவிட்டன. கூரைத் தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் குட்டி போடும். மழைக்காலத்தில் கண்ணில் பீளை கட்டி, மூக்கு ஒழுகி, ஒவ்வொன்றாகச் சாகும். செத்ததைப் பலகையைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். உயிரோடிருப்பவற்றைச் சனங்கள் பையில் போட்டுக் கொண்டுபோய்த் தூரத்துத் தேயிலைக்குள் விடுவார்கள், இல்லையென்றால் பஜாரில் மீன் கடைக்குப் பின்னால். அங்கே நாய்கள் இருக்கும்.

ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில், மதகுக்குக் கீழே ஒரு உரச்சாக்கு தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்தது. அது அசைந்தது. இறங்கி இழுத்துப் போட்டு அவிழ்த்தேன். ஐந்து குட்டிகள். இரண்டுக்குத்தான் உயிர் இருந்தது. மடுவத்துக் குசினியில் அடுப்போரமாகத் துணியில் சுற்றி வைத்தேன். பகல் சாப்பாட்டுக்கு மணியடிக்கும்போது அவையும் போய்விட்டன. சாக்கைக் கட்டியது யாரென்று எனக்குத் தெரியும். தன் பிள்ளையை அன்றைக்கும் என் கையில்தான் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீடு. ஐந்து பூனைக்குட்டிகளை அவள் எங்கே வைப்பாள்?

அந்த வாரமே நுவரெலியாவில் வேலை செய்யும் என் மகளிடம் சொல்லி விசாரித்தேன். பூனைகளைக் கொல்லாமல், பிடித்து, ஒப்பரேசன் செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். போனில் பேசினேன். ஒரு சிங்களப் பெண் டொக்டர், நாங்கள் டொக்டர் நோனா என்போம், சின்ன வயது. என் சிங்களம் மோசமில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பூனைகளை அடித்துத் துரத்தினால் அந்த இடத்துக்கு வேறு பூனைகள் வரும். இருப்பவற்றுக்குக் குட்டி போடாதபடி செய்துவிட்டால் அவை புதியவற்றை அண்டவிடாது, எண்ணிக்கை தானாகக் குறையும். ஒப்பரேசன் ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள், மயக்கத்தில் வெட்டுவதால் வலிக்காது. கடைசியாக ஒன்று சொன்னார். வீட்டில் வைத்து வளர்க்கிற பூனை என்றால் வளர்ப்பவரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாமல் அவர் தொடமாட்டார்.

அதற்காகத்தான் நான் கொப்பியும் பேனையுமாக லயம் லயமாக ஏறி இறங்கினேன். வீட்டில் எத்தனை பூனை, பெட்டையா, கடுவனா, ஒப்பரேசனுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதினேன். சிலர் சிரித்தார்கள். டிஸ்பென்சரியில் மனிதருக்கு மருந்து கொடுக்க ஆளில்லை, பூனைக்கு டொக்டர் வருகிறாரா என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. நான் அடுத்த வாசலுக்குப் போனேன். பெரும்பாலானோர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டைத் தொங்கல் காம்பரா என்போம். அங்கே இருந்த அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். தனியாக இருந்தார். மகன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. அவரிடம் ஒரு மூன்று நிறப் பெட்டைப் பூனை இருந்தது. நல்ல எலி பிடிக்கும். அதன் குட்டிகளை அவர் ஒருநாளும் தூக்கிப் போட்டதில்லை. கேட்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள், அவர் பால் மறந்ததும் கூப்பிட்டுக் கொடுப்பார். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக அதன் வம்சம் தோட்டத்தின் மேல் பிரிவு வரை இருந்தது.

நான் முன் திண்ணையான இஸ்தோப்பில் போய் நின்றதும் அவர் என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார்.

"பூனைக்கும் பேரெழுத வந்திட்டீங்களா தங்கச்சி?"

குரலில் கோபமில்லை. அடுப்பில் ரொட்டி கருகுகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் கொப்பியை மூடினேன். அந்த வார்த்தையில் "பூனைக்கும்" என்று அவர் சொன்னது ஏன் என்று இந்த லயத்தில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் டிஸ்பென்சர் ஐயா என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்தார். இரண்டு பிள்ளை பெற்ற தாய்மாரின் பெயர்கள் அதில் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு லொறி போகிறது, இத்தனை பேர் வேண்டும், நீ பொம்பளைப் பிள்ளை, நீ போய்ச் சொன்னால் கேட்பார்கள் என்றார். என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பிள்ளை பெறாமல் கட்டிவிடுகிற சின்ன வேலை, இரண்டு நாளில் மலைக்குப் போகலாம், வேண்டுமென்றால் பிறகு எடுத்துவிடலாம் என்று சொல் என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. புது வேலை. பெரிய மனிதர் சொல்கிறார். அதோடு, உண்மையைச் சொன்னால், பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாகப் போவது எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

தொங்கல் காம்பரா அக்காவுக்கு அப்போது மூன்று வயதில் மகன், நாற்பது நாள் கைக்குழந்தையாக மகள். புருசன் கொழும்பில். அவர் தீபாவளிக்கு வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார் அக்கா. லொறி நாளைக்கு வருகிறது என்றேன் நான்.

"திரும்ப எடுத்துக்கலாம்தான தங்கச்சி?"

"எடுத்துக்கலாங்கக்கா."

மறுநாள் காலையில் பதினொரு பெண்கள் லொறியில் ஏறினார்கள். அக்காவின் குழந்தையை நான்தான் மடுவத்தில் வைத்திருந்தேன். பாலுக்கு அழுது அழுது அதன் தொண்டை கட்டிப்போனது. பொழுது சாயும் நேரத்தில் அதே லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பள்ளமும் மேடுமான பாதை. லொறிப் பலகையில் உட்கார முடியாமல் சிலர் சுருண்டு படுத்திருந்தார்கள். அக்கா அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூடப்படாத பின்பக்கத்திலிருந்து தானாக இறங்கினார். அவர் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்ட காகிதம் சிங்களத்தில் இருந்ததாம். யாரும் வாசித்துக் காட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனார், கூடை சுமந்தார்.

ஒன்றரை வருடத்தில் அந்தப் பெண் குழந்தை காய்ச்சலில் செத்தது. அது என்னிடம்தான் வளர்ந்தது. என் மடியில் இருந்துதான் நடக்கப் பழகியது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வராது.

குழந்தையின் முப்பதாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் அக்கா என்னைத் தேடி வந்து, வா தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவோம், கட்டினதை எடுத்துவிடச் சொல்வோம் என்றார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் கூப்பிட்டார். இரண்டு பஸ் மாறிப் போனோம். டொக்டர் மேசையிலிருந்து நிமிராமல் சொன்னார், அதெல்லாம் எடுக்க முடியாது, அது நிரந்தரம், கையெழுத்துப் போடும்போது தெரியாதா என்று.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"முடியாதாம்க்கா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தார். நீதானே சொன்னாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு அழுகையாவது வந்திருக்கும். கேட்கவில்லை. அதற்குப் பிறகு புருசன் வருவது குறைந்தது, பிறகு நின்றது. லயத்தில் பல கதை பேசினார்கள். அக்கா என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தார், என் மகள் பிறந்தபோது பத்தியச் சமையல் அவர்தான். நானும் மெல்ல மெல்ல அதை ஒரு பழைய விசயமாக்கிக்கொண்டேன்.

இவ்வளவும் சேர்ந்துதான் அந்த இஸ்தோப்பில் என் கொப்பியை மூட வைத்தது.

நான் டொக்டர் நோனா சொன்னதையெல்லாம் ஒப்புவித்தேன். குட்டிகள் சாகிற விதத்தைச் சொன்னேன். சாக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, மற்றவர்களின் பூனைகளுக்குச் செய்யுங்கள், அது நல்லதுதான், தன் பூனையை விட்டுவிடுங்கள் என்றார். குட்டிகளுக்கு இடம் தேடுவது தன் பாடு என்றார். நான் கொப்பியில் தொங்கல் காம்பரா என்று எழுதி, நேரே வேண்டாம் என்று எழுதினேன். அவருக்குத் தெரிகிற மாதிரிதான் எழுதினேன்.

முகாம் ஒரு சனிக்கிழமை. தோட்டத்து வாசிகசாலையைத் துடைத்துக் கொடுத்தோம். டொக்டர் நோனாவும் இரண்டு உதவியாட்களும் வேனில் வந்தார்கள். வீட்டுப் பூனைகளைச் சனங்கள் பழப்பெட்டியிலும் உரப்பையிலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஆளில்லாத பூனைகளுக்குக் கம்பிக்கூடு. உள்ளே டின்மீன் வைத்து, லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக வைத்தார்கள். உள்ளே போனால் கதவு விழுந்துவிடும்.

பத்து மணிக்குமேல் நான் கூடுகளைப் பார்க்கப் போனேன். மூன்றாவது கூட்டில் அக்காவின் மூன்று நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. மீனைத் தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தியது. என்னை அதற்குத் தெரியும்.

கதவைத் தூக்கிவிட ஒரு கை போதும். சுற்றிலும் யாருமில்லை. நான் தூக்கவில்லை. கூட்டின் மேல் துணியைப் போட்டு மூடி, நானே சுமந்துகொண்டு வாசிகசாலைக்குப் போனேன்.

ஏன் செய்தேன் என்று எனக்குள் பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என்னிடம் காரணங்கள் இருந்தன. தோட்டத்திலேயே அதிகம் குட்டி போடுகிற பூனை இதுதான், இதை விட்டால் மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை. எல்லாக் குட்டியும் நல்ல இடத்துக்குப் போகிறது என்று அக்கா நினைக்கிறார், மேல் பிரிவில் அந்தக் குட்டிகளின் குட்டிகளை என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. செய்தால் பூனைக்கும் நல்லது. இதெல்லாம் உண்மை. இன்றைக்கும் இதில் ஒன்றையும் பொய் என்று சொல்லமாட்டேன்.

டொக்டர் நோனா ஊசி போட்டு, பூனை தளர்ந்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்தார். சினையாக இருக்கிறது, தொடக்கம்தான், ஒப்பரேசன் செய்தால் குட்டிகளும் போய்விடும் என்றார். இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாகச் செய்துவிடுவோம், ஆனாலும் உடம்பு செழிப்பாக இருக்கிறது, யாரோ வளர்க்கிற பூனை போலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கொப்பி என் கக்கத்தில் இருந்தது.

"யாரும் இல்லங்க. லயத்துப் பூனை" என்றேன்.

அவர் நம்பினார். நம்பாமலிருக்க அவருக்குக் காரணமில்லை.

வேலை முடிந்த பூனைகளைச் சாக்கு விரித்து, அதன் மேல் கம்பளி விரித்து வரிசையாகப் படுக்க வைத்தார்கள். குளிருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒவ்வொன்றின் முதுகோடும் வைத்தார்கள். வலிக்கு ஊசி. நாக்கு காயாமல் துடைத்துவிட ஒருவர். தலை நிமிர்த்தி நிற்கிற வரை எந்தப் பூனையையும் அசைக்கக்கூடாது, வேனில் ஏற்றிக் குலுக்கக்கூடாது, தையல் விட்டுவிடும் என்று டொக்டர் நோனா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பதினொரு பேரில் இன்னும் உயிரோடிருக்கிறவர்களை மனதுக்குள் எண்ணினேன். பிறகு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். இந்த டொக்டர் நோனா மேல் எனக்கு ஏனோ ஆத்திரம் வந்தது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு உயிரை எப்படித் தொட வேண்டுமோ அப்படித் தொட்டார், அவ்வளவுதான். அப்படித் தொடத் தெரிந்த கைகள் இந்த நாட்டில் இருந்திருக்கின்றன. எங்கள் லொறி போன பக்கம் அவை இருக்கவில்லை.

மாலையில் கொழுந்து நிறுவை முடிந்து அக்கா வந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தட்டில் சோற்றைப் போட்டு, விரலால் தட்டித் தட்டி, லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூப்பிட்டுக்கொண்டு போனார். என் வாசலைத் தாண்டிப் போனபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மடுவத்தில் கண்டீர்களா தங்கச்சி என்று வெளியிலிருந்தே கேட்டார். இல்லைக்கா என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூனைகளை விட்டார்கள். அது நேராகத் தொங்கல் காம்பராவுக்கு ஓடியது. அரை மணித்தியாலத்தில் அக்கா என் வீட்டுக்கு வந்தார். பூனையைச் சேலைத் தலைப்பில் பொதிந்து பிடித்திருந்தார். வெட்டிய காதும், மயிர் வழித்த வயிற்றில் தையலும் தெரிந்தன.

வாங்கக்கா என்றேன். அவர் உள்ளே வரவில்லை. நான் தப்பிக்கப் பார்த்தேன். கூட்டில் தானாக வந்து விழுந்தது, பிடித்தவர்களுக்கு யார் பூனை என்று தெரியவில்லை, நான் பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் என் குரல் எனக்கே பிடிக்காமல் நின்றுவிட்டது.

"நான்தான்க்கா குடுத்தேன்" என்றேன். "யாரும் வளக்கலன்னு சொன்னேன்."

அவர் பூனையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வயித்துல இருந்துச்சில்ல?"

"ஆமாங்க."

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க" என்றார். "அன்னைக்கும் நல்லதுக்குத்தான சொன்னீங்க. நான் உங்கள ஒருநாளும் குத்தம் சொன்னதில்ல. சின்னப் புள்ள, தெரியாமச் சொல்லிருச்சின்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப உங்களுக்குத் தெரியும்தான டீச்சர்?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தங்கச்சி என்று கூப்பிட்டவர். அதற்குப் பிறகு நான் டீச்சர்தான்.

அவர் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போய் முறைப்பாடு செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நானே டொக்டர் நோனாவுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். அதற்கு அவர், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்தக் கடைசி வீட்டுக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவர் சொன்னார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். அவர் வந்து கேட்டுவிட்டால் நான் கேட்காதது இன்னும் பெரிதாகத் தெரியும் என்று பயந்தேன்.

முகாம் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு பொய். அடுத்த மழைக்காலத்தில் கூரைப் பலகையைப் பெயர்க்க வேண்டி வரவில்லை. இருக்கிற பூனைகள் கொழுத்தன, சண்டைச் சத்தம் குறைந்தது, மடுவத்தில் தொட்டில்கள் சுத்தமாக இருந்தன. தோட்டத்தை நடத்துகிற துரை கூப்பிட்டுப் பாராட்டினார். ஒரு கூட்டத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றும் கொடுத்தார்கள். வீட்டில் எங்கே மாட்டுவது என்று மகள் கேட்டாள். அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டாவது முகாம் வைத்தபோதும் பட்டியல் எழுத நான்தான் போனேன். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் அடித்துக்கொண்டு போய், ஒவ்வொரு வாசலிலும் சத்தமாக வாசித்தேன். வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பூனைகளின் கழுத்தில் கூடு வைக்குமுன் சிவப்பு நூல் கட்டச் சொன்னேன். இவ்வளவு தேவையா, பூனைதானே என்று அங்கிருந்த ஆயம்மா அலுத்துக்கொண்டார். தேவை என்றேன். இவ்வளவு கவனமும் எந்த வாசலில் நான் காட்டியிருக்க வேண்டியது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

போன வருடம் அக்கா வேலையிலிருந்து நின்றார். மகன் கொழும்புக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டான். புறப்படுவதற்கு முதல்நாள் லயத்தில் ஒரு வீடு விடாமல் ஏறிச் சொல்லிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்கும் வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார். பூனையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நடு வீட்டுக்காரங்ககிட்ட குடுத்திட்டேன். பக்கத்துலயே இருக்கீங்க, உங்ககிட்டதான் விடணும்னு மொதல்ல நெனச்சேன்." கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தார். "மனசு வரல டீச்சர்."

சரிங்கக்கா என்றேன். போகும்போது என் மகளை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு லயமே திரண்டு போயிருந்தது. நான் போகவில்லை, அது மடுவத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற நாள். யாராவது கேட்டால் சொல்ல அந்தக் காரணம் எனக்குப் போதுமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. அக்காவின் கொழும்பு நம்பரை நடு வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். போனில் பதிந்து வைத்திருக்கிறேன். இன்னும் எடுத்துப் பேசவில்லை.